நம் ஊரில் இலையுதிர் காலம் உண்டா?

கேள்வி: 18.10.2024

நான் குடியாத்தத்தில் பிறந்து வளர்ந்தவன். இப்போது கனடாவில், டொராண்டோவுக்கு வடக்கே ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். இங்கே மேப்பிள் மரங்கள் சிவந்து இலை உதிர்க்கின்றன. விடியற்காலையில் கதவைத் திறந்தால் ஓர் ஓசை இல்லை. வேலூர்ப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இந்தச் சுகம் வாய்க்கவே இல்லை என்று நினைக்கிறேன். நமக்கு வெயில் காலம், கடும் வெயில் காலம் என்று இரண்டுதானே உண்டு? இலையுதிர் காலத்தைப் பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்ததோடு சரி. மறுப்பவர் மறுக்கலாம்.

19.10.2024, காலை

மறுக்கிறேன். ஒடுகத்தூரைத் தாண்டி, ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கும் ஓர் ஊரிலிருந்து எழுதுகிறேன். ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் 26 ஆண்டுகள் கணக்கு எழுதிவிட்டு, அப்பா விட்டுச்சென்ற இரண்டு ஏக்கர் கொல்லைக்கும் முக்கால் ஏக்கர் கழனிக்கும் நான்கு ஆண்டுகளுக்கு முன் திரும்பி வந்தவன்.

முதலில் பெயரைச் சரிசெய்துகொள்வோம். ஐப்பசியும் கார்த்திகையும் நம் முன்னோர் கணக்கில் கூதிர் காலம். ஆவணி, புரட்டாசி கார்காலம். மார்கழி, தை முன்பனிக் காலம். ஆறு பெரும்பொழுதுகளில் இலை உதிர்வதை வைத்துப் பெயரிடப்பட்டது ஒன்றுகூட இல்லை. காரணம், இந்த மாதங்களில் நம் மரங்கள் இலை உதிர்ப்பதில்லை, துளிர்க்கின்றன. குளிர்நாட்டு மரம் பகல் குறுகுவதையும் குளிர் வருவதையும் கண்டு இலையை விடுகிறது; நம் மரம் தண்ணீர்ப் பஞ்சத்துக்கு அஞ்சி மாசி, பங்குனியில் விடுகிறது. வேம்பும் அரசும் வாகையும் அப்போதுதான் மொட்டையாகும். பாடப்புத்தகம் எழுதியவர் வேறொரு நாட்டின் அக்டோபரை மொழிபெயர்த்து நம் தலையில் வைத்துவிட்டார்.

இரண்டாவது, அமைதி. சென்னைக்கு வடக்கே அந்தத் தாழ்வு மண்டலம் கரையைக் கடந்தது நேற்று முன்தினம். இங்கும் தூறல் நின்று, இன்று காலை 5.15 மணிக்குத் திண்ணையில் காபியுடன் உட்கார்ந்தேன். ஓசையே இல்லை. ஏன் இல்லை என்று யோசித்தபோதுதான் புரிந்தது: மோட்டார் ஓடவில்லை. சித்திரையில் எங்கள் விடியல் மும்முனை மின்சாரம் எப்போது வருகிறதோ அப்போது தொடங்கும்; மூன்று மணிக்கு வந்தால் மூன்று மணிக்கு விடியும். மின்சாரம் வந்த மறுகணம் சுற்றியுள்ள அத்தனை கிணற்று மோட்டார்களும் ஒன்றாகக் கத்தத் தொடங்கும், கிணற்றில் இரண்டு மணி நேரத் தண்ணீர்கூட இல்லாவிட்டாலும். ஐப்பசியில் நிலமே நனைந்திருப்பதால் யாரும் சுவிட்சைத் தொடுவதில்லை. கனடாவின் அமைதி பனியால் வருவதாக இருக்கலாம். எங்கள் அமைதி மோட்டார் கொட்டகையின் கதவு பூட்டிக் கிடப்பதால் வருகிறது.

அந்த அமைதிக்குள் ஆறு மணிக்குச் சற்று முன்னர் ஒரு பறவை இரண்டே சுரத்தில் சீழ்க்கை அடித்தது. என்ன பறவை என்று தெரியவில்லை. பத்து நாட்களாகக் கேட்கிறேன்.

20.10.2024

நேற்று 'ஓசையே இல்லை' என்று எழுதியதைத் திருத்துகிறேன். அதைப் படித்துவிட்டுப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், "உங்கள் ஊர் ஏரியில் தவளைகள் வேலைநிறுத்தமா?" என்று கேட்டிருக்கிறார். தவளை கத்துகிறது. ராத்திரி முழுக்கக் கத்துகிறது. பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகியதால் அதை ஓசைக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. கணக்கு எழுதியவன் செய்யக்கூடாத பிழை.

23.10.2024

பறவையின் பெயர் கிடைத்துவிட்டது. வாணியம்பாடியிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார்: அது ஆறுமணிக் குருவி. காலை ஆறையும் மாலை ஆறையும் ஒட்டிச் சீழ்க்கை அடிப்பதால் அந்தப் பெயர். கோடையில் இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிறது. அக்டோபரில் வந்து சேரும்போது தோட்டங்களில் இறங்கும் என்கிறார்.

இன்று மாலை புளியமரத்தடிச் சருகில் அதைப் பார்த்தும்விட்டேன். முதுகு பச்சை, கண்ணோரம் மை தீட்டியது போல் கறுப்புப் பட்டை, வாலுக்கடியில் இரத்தச் சிவப்பு. வால் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. சருகைப் புரட்டிப் புரட்டி எதையோ தின்றுகொண்டிருந்தது. 52 வயது வரை இந்த மண்ணில் நடந்தவன், விடுமுறைக்கு ஒவ்வோர் ஐப்பசியிலும் வந்தவன், இதன் பெயரை இன்றுதான் தெரிந்துகொள்கிறேன். கனடா நண்பருக்கு: உங்கள் ஊர்ப் பறவைகள் இந்த மாதத்தில் உங்களை விட்டுப் போகின்றன. எங்களுக்கு வருகின்றன. தகைவிலான்கள் மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. சாம்பல் வாலாட்டி வாய்க்கால் ஓரத்தில் ஆட்டிக்கொண்டு திரிகிறது.

26.10.2024

மல்லாட்டை பிடுங்கத் தொடங்கிவிட்டோம். அதனால் இரண்டு நாட்கள் எழுதவில்லை.

மல்லாட்டை என்றால் என்ன என்று மதுரைக்காரர் ஒருவர் கேட்கிறார். வேர்க்கடலைதான். மணிலாக்கொட்டை என்பது மல்லாக்கொட்டையாகி, எங்கள் வடாற்காட்டு வாயில் மல்லாட்டை ஆயிற்று. பிலிப்பைன்ஸின் மணிலாவை எங்கள் ஆயா பார்த்ததில்லை. ஆனால் நாள்தோறும் அதன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆடியில் விதைத்தால் நூற்றைந்து, நூற்றுப் பத்து நாட்களில், சரியாக ஐப்பசியில், காய் முற்றும். செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி, வரப்போரம் உட்கார்ந்து காய் ஆய்வார்கள். அன்று பிடுங்கிய பச்சைக் காயை உப்புப் போட்டு அவித்து, ஆறுவதற்கு முன்னால் தின்ன வேண்டும். அந்த வாசனையை எழுத்தில் கொண்டுவர எனக்குத் திறமை போதாது.

ஆனால் இங்கே என் முதல் குறிப்பின் மீது எனக்கே சந்தேகம் வருகிறது. தூறல் நின்ற விடியற்காலையைப் புகழ்ந்து எழுதினேன். முற்றிய மல்லாட்டை நிலத்தில் இருக்கும்போது நான்கு நாட்கள் விடாமல் தூறினால் காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். இங்கே பயிராகும் கொத்து ரகங்களுக்கு விதை உறக்கம் கிடையாது. முளைத்த காய் எண்ணெய்க்கும் ஆகாது, விதைக்கும் ஆகாது. எனக்குக் கொஞ்சம் ஓய்வூதியப் பணம் உண்டு. தூறலை இரசிக்க முடிகிறது. எதிர்க் கொல்லைக்காரருக்கு இந்த ஒன்றரை ஏக்கர்தான் தீபாவளி. அதே விடியலில் அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். திண்ணையிலிருந்து பார்த்த எனக்கு அவரும் விடியலை இரசிப்பதாகத்தான் தோன்றியது.

31.10.2024

தீபாவளி. இன்று அமைதியைப் பற்றி எழுத எனக்கு அருகதை இல்லை. நானும் ஒரு சரம் கொளுத்தினேன்.

3.11.2024

பெங்களூரிலிருந்து இளைஞர் ஒருவர், வேலையை விட்டுவிட்டு மலையடிவாரத்தில் ஓர் ஏக்கர் வாங்கி, இரண்டு மாடு வைத்து எளிமையாக வாழ விரும்புவதாகவும், ஆகும் செலவைச் சொல்லும்படியும் கேட்டிருக்கிறார். பதில் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் என் மனைவி இந்தக் கேள்வி-பதில் இழையை முதலிலிருந்து படித்துவிட்டார். படித்ததன் விளைவாகப் பின்வரும் திருத்தங்களை வெளியிடக் கடமைப்பட்டுள்ளேன்.

ஒன்று: 5.15 மணிக்கு நான் காபியுடன் உட்கார்ந்தது உண்மை. அந்தக் காபிக்குப் பால் கறந்தது 4.30 மணிக்கு. கறந்தவர் நான் அல்லேன்.

இரண்டு: மோட்டார் ஓடவில்லை என்பது பொய். ஊராட்சியின் குடிநீர்த் தொட்டிக்கு ஏற்றும் மோட்டார், மழையானாலும் வெயிலானாலும், தினமும் நாலரைக்கு ஓடி ஐந்துக்கு நிற்கிறது. நான் எழுந்திருக்கும் நேரத்துக்கு அது நின்றுவிடுவதால் எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தண்ணீர் பிடிக்கிறவருக்குத் தெரியும்.

மூன்று: ஐப்பசியில் அவருக்கு வேலை கூடுகிறது. விறகு நனைகிறது, சாணம் காயாமல் வரட்டி தட்ட முடியாது, மாட்டுக் கொட்டகையில் சேறு, துணி இரண்டு நாட்களானாலும் உலர்வதில்லை. சித்திரையில் வெயில் கொளுத்தினாலும் துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும் என்பது அவர் வாதம். ஆகவே அவருடைய கணக்கில் நல்ல மாதம் தை. அறுவடை முடிந்து, மழை ஓய்ந்து, வெயில் ஏறாத மாதம்.

மூன்றுக்கும் என்னிடம் மறுப்பு இல்லை.

இளைஞருக்கு: சங்கத்தில் பசும்பாலுக்கு லிட்டருக்கு 38 ரூபாய் என்று பேர், கொழுப்பையும் திடச்சத்தையும் பார்த்த பிறகு கைக்கு வருவது அதைவிடக் குறையும். இரண்டு மாடு இருந்தால் வருடத்தில் ஒரு நாளும் நீங்களும் உங்கள் மனைவியும் சேர்ந்து வெளியூரில் இராத் தங்க முடியாது. நாங்கள் நான்கு ஆண்டுகளில் ஒரு திருமணத்துக்குக்கூட ஒன்றாகப் போகவில்லை. மாடு வாங்குவதானால் செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தைக்குப் போங்கள். ஆனால் முதல் முறை போகும்போது பணம் எடுத்துப் போகாதீர்கள், வேடிக்கை மட்டும் பாருங்கள். தரகர்கள் துண்டுக்குள் கையைவிட்டு விரலால் விலை பேசுவதைப் பார்க்கவாவது போகலாம்.

4.11.2024

எளிய வாழ்க்கையில் என்னதான் சாப்பிடுகிறீர்கள் என்று மதுரைக்காரர் மீண்டும் கேட்கிறார். கேழ்வரகுக் களி. பருவத்தில் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க் குழம்பு. காம்பில் உள்ள முள் கையைக் குத்தும், அதுதான் அடையாளம். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த காய் அது. குறியீடு கிடைத்த பிறகு சந்தையில் முள் இல்லாத காயைக்கூட இலவம்பாடி என்று விற்கிறார்கள். குத்தாவிட்டால் வாங்காதீர்கள்.

7.11.2024

நிலத்தடி நீரைப் பற்றி அறிந்த ஒருவர் என் மோட்டார்க் கருத்தை வேறு பக்கத்திலிருந்து தாக்கியிருக்கிறார். கத்துகிற மோட்டார்கள் கிணற்றுமேட்டு மோனோபிளாக்குகள் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இணைந்தவை). இன்று பெரும்பாலோர் ஆழ்துளைக் கிணற்றில் நீர்மூழ்கி மோட்டார் இறக்கிவிட்டார்கள், அது ஓடினால் மேலே ஓசை கேட்காது, ஆகையால் உங்கள் ஊர் ஐப்பசியில் அமைதியாக இருப்பதற்கும் பாசனத்துக்கும் தொடர்பு குறைந்துகொண்டே வருகிறது என்கிறார்.

இதை நான் இரண்டு நாட்கள் மனத்தில் போட்டுப் புரட்டினேன். அவர் சொல்வது சரி. என் சிறுவயதில் எங்கள் கிணற்றில் கவலை ஓட்டினார்கள், அதாவது மாடு பூட்டிச் சாலில் (பெரிய வாளியில்) தண்ணீர் இறைத்தார்கள். மாடு பின்னுக்கு வரும்போது சால் இறங்கும் ஓசையும் உருளையின் கிறீச்சிடலும் கேட்கும். பிறகு மோட்டார் வந்தது. எங்கள் கிணறு 40 அடி; அதில் இன்னும் பழைய ஐந்து குதிரைத்திறன் மோட்டார் இருப்பதாலும், எங்கள் பக்கம் மூன்று கிணறுகள் மட்டும் ஏரியின் ஊற்றால் பிழைத்திருப்பதாலும், நான் என் காதில் விழுந்ததை ஊர் முழுவதற்கும் பொதுவாக்கிவிட்டேன். தெற்குத் தெருவில் ஒருவர் 900 அடிக்குத் துளை போட்டிருக்கிறார். அவர் கோடை முழுவதும் இரவும் பகலும் தண்ணீர் இழுத்தாலும் எனக்கு ஒன்றும் கேட்பதில்லை. சித்திரையிலும் அந்தத் தெரு அமைதியாகத்தான் இருக்கிறது. அந்த அமைதியை நான் எங்கும் புகழப்போவதில்லை.

10.11.2024

கனடா நண்பர் திரும்ப வந்து, "உங்கள் ஊரில் பனி உண்டா?" என்று கேட்கிறார். நாம் இருவரும் 'பனி' என்று எழுதிக்கொண்டு வெவ்வேறு பொருளைப் பற்றிப் பேசுகிறோம் என்று நினைக்கிறேன். உங்களுக்கு அது வானிலிருந்து கொட்டுவது. எங்களுக்கு அது புல்நுனியில் உட்கார்வது, ஏரிமேல் புகைபோல் நிற்பது. ஒரே சொல் மூன்று வேலை செய்கிறது.

ஐப்பசி தொடக்கத்தில் இங்கு மூடுபனி கிடையாது. மேகம் போர்வைபோல் மூடியிருக்கும்வரை நிலம் தன் சூட்டை இழப்பதில்லை. மழை ஓய்ந்து வானம் தெளிந்த இரவில்தான் ஈரநிலம் வேகமாகக் குளிர்ந்து, தரையோரக் காற்றிலுள்ள ஈரம் பனியாகிறது. மலையிலிருந்து கனத்த குளிர்காற்று பள்ளத்தை நோக்கி இறங்குவதால் ஏரிக்கரையில் முதலில் நிற்கும். எட்டு மணிக்குள் காணாமல் போய்விடும். இந்த ஆண்டு நேற்றுத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். பனையின் தலை மட்டும் தெரிந்தது.

பகலின் நீளத்தையும் சொல்லிவிடுகிறேன். டொராண்டோவில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஆறு மணி நேரத்துக்கு மேல் வேறுபாடு. வேலூரில் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். ஆகவே எங்களுக்குப் பருவம் மாறுவதைக் கடிகாரம் சொல்வதில்லை. தண்ணீர் சொல்கிறது. இன்னொரு வேடிக்கை: இங்கே சூரியன் மிகத் தாமதமாக எழுவது மார்கழியில் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். தை மாதத்தில்தான், ஜனவரிப் பிற்பகுதியில். மார்கழியில் தாமதமாகத் தோன்றுவதற்கு ஒலிபெருக்கி நம்மைச் சீக்கிரம் எழுப்பிவிடுவது காரணமாக இருக்கலாம்.

2.12.2024

ஃபெஞ்சல் புயல் 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, உடனே வலுவிழந்து போகாமல் அங்கேயே நின்றது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. திருவண்ணாமலையில் மண் சரிந்து வீடு புதைந்து ஏழு பேர் சிக்கியிருக்கிறார்கள்.

எங்கள் மாட்டுக் கொட்டகையின் மேற்குச் சுவர் நேற்று விடியற்காலை இடிந்தது. மண் சுவர், அப்பா கட்டியது. மாடுகள் பிழைத்தன. சுவர் விழுந்த ஓசை பெரிதாக இல்லை. ஈரச்சாக்கைக் கீழே போட்டது போல் இருந்தது. மனைவிதான் கேட்டு எழுந்தார். இந்த இழையின் தலைப்பு இன்று எனக்கு உவப்பாக இல்லை.

11.12.2024

சுவருக்குத் தற்காலிகமாகத் தகரம் அடித்தாயிற்று.

'கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை' என்ற பழமொழி இன்னும் செல்லுமா என்று ஆசிரியை கேட்டிருந்தார். கணக்கனுக்கு இப்படிப்பட்ட கேள்வி பிடிக்கும். புயல்களை எடுத்துக்கொள்வோம்: 2016இல் வர்தா டிசம்பர் 12, 2020இல் நிவர் நவம்பர் 25 இரவு, 2022இல் மாண்டஸ் டிசம்பர் 9 இரவு, 2023இல் மிக்ஜாம் டிசம்பர் முதல் வாரம், இப்போது ஃபெஞ்சல். அத்தனையும் கார்த்திகைக்குள் அடக்கம். பழமொழி வென்றுவிட்டது என்று எழுதப்போகும்போது 2011இன் 'தானே' புயல் நினைவுக்கு வந்தது. டிசம்பர் 30, நல்ல மார்கழி. ஆகவே கர்ணனுக்குப் பிறகும் ஒருவர் கொடுத்திருக்கிறார், கடலூர்க்காரர்கள் கேட்காமலே.

14.12.2024

நேற்றுக் கார்த்திகை தீபம். தெருப்பிள்ளைகள் மாவளி சுற்றினார்கள். பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி, இடித்து, துணியில் சுருட்டி, பிளந்த பனைமட்டைக்கு நடுவே கட்டி, நெருப்பு வைத்துத் தலைக்கு மேல் சுற்றினால் பொறி மழை பெய்யும். கட்டித் தரத் தெரிந்தவர் ஊரில் மூன்று பேர்தான் மிச்சம். அவர்களில் நான் ஒருவன் என்பது சென்ற ஆண்டு வரை எனக்கே தெரியாது. கை மறக்கவில்லை. ஏழு பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுத்தேன். ஒருவன் சட்டையில் ஓட்டை.

இந்த வாரம் விடியலில் ஆறுமணிக் குருவி கூவவில்லை. இங்கேயே இருந்துகொண்டு சும்மா இருக்கிறதா, இன்னும் தெற்கே போய்விட்டதா தெரியவில்லை. நாளை மறுநாள் மார்கழி பிறக்கிறது. ஒலிபெருக்கியைக் கம்பத்தில் ஏற்றிவிட்டார்கள்.

9.3.2025

இழை பழையதாகிவிட்டது; ஆனால் கேள்விக்குரிய நிகழ்ச்சி இப்போதுதான் நடக்கிறது. மாசி 25. இன்று வாசல் வேம்பு மஞ்சளாகி ஒரே காற்றில் பாதி இலையை விட்டது. கொழுந்து செம்பு நிறத்தில் வந்துகொண்டிருக்கிறது. வாகையில் இலை ஒன்றுகூட இல்லை, காய்ந்த நெற்றுகள் மட்டும் இரவெல்லாம் சலசலக்கின்றன. கிணற்று மோட்டார் சென்ற வாரத்திலிருந்து ஓடுகிறது.

நவம்பர் 3ஆம் தேதிக் குறிப்புக்குப் பிறகு வீட்டில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி வாசல் பெருக்குவது என் பொறுப்பு. நாலே முக்காலுக்குத் தொடங்கி, ஒரு முறை பெருக்கி முடித்து நிமிர்ந்தால், பெருக்கிய இடத்திலேயே மறுபடி இலை கிடக்கிறது. காலையில் மூன்று முறை பெருக்கினேன். ஊராட்சி மோட்டார் ஐந்து மணிக்கு நிற்பதை இப்போது நானும் கேட்கிறேன்.

கனடா நண்பர் தம் ஊரில் மேப்பிள் இலைகளைக் கூட்டி என்ன செய்கிறார் என்று எழுதவும். நாங்கள் எருக்குழியில் கொட்டுகிறோம்.